படப்பெட்டி போன வழியே தேட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழகத்தின் தொடக்ககாலத் திரைப்படங்களைப் பற்றி உங்கள் நாளிதழில் அவ்வப்போது வரும் கட்டுரைகளை யாங்கூனிலிருந்து தவறாமல் வாசித்து வருபவன் நான். நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ முதலாகத் தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப்படங்கள் ஏறக்குறைய அனைத்தும் அழிந்துவிட்டன என்ற வருத்தத்துடனேயே அக்கட்டுரைகளில் பெரும்பாலானவை முடிகின்றன. வருத்தம் நியாயமானதுதான். ஆயினும் அழிந்துவிட்டன என்று முடிவு கட்டும் முன், எங்கெங்கே தேடிப் பார்த்தோம் என்பதைச் சொல்லியாக வேண்டும் அல்லவா? சென்னையிலும் புனேயிலும் தேடியிருக்கிறோம். படங்கள் கப்பலேறிப் போய் ஓடிய ஊர்களில் முறையான தேடல் ஒன்று நடந்ததாக நான் அறிந்தவரை இல்லை. இந்தக் குறையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

‘கீசக வதம்’ எடுக்கப்பட்ட ஆண்டைப் பற்றி 1916 என்றும் 1918 என்றும் கருத்து வேறுபாடு உண்டு. சென்னையில் மோட்டார் வாகன வணிகம் செய்துகொண்டிருந்த முதலியார், பால்கேயின் படங்களைப் பார்த்து ஊக்கம் பெற்று, புரசைவாக்கத்தில் ஒரு படப்பிடிப்புக் கூடம் அமைத்தார். சென்னை வெயிலில் ஃபிலிம் கழுவுவது கடினம் என்பதால் அந்த வேலையைக் குளிர்ச்சியான பெங்களூரில் வைத்துக்கொண்டார். சுமார் 6,000 அடி நீளமுள்ள அந்தப் படம் இந்தியாவோடு நில்லாமல் பர்மா, இலங்கை, மலாய் நாடுகள், சிங்கப்பூர் வரை சென்று ஓடியதாகத் திரைப்பட வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. தமிழகத்துக் கட்டுரைகள் இந்தச் செய்தியை முதலியார் அடைந்த வெற்றிக்குச் சான்றாக மட்டுமே எடுத்துக்காட்டுகின்றன. எனக்கோ அது முகவரிப் பட்டியலாகத் தெரிகிறது. படம் இந்த ஊர்களுக்கு வந்தது என்றால் அதன் பெட்டி வந்தது என்று பொருள். வந்த பெட்டிகள் எல்லாம் திரும்பிப் போயினவா என்பதை யாராவது கேட்டிருக்க வேண்டும்.

தொலைந்த மௌனப்படங்கள் உலகெங்கும் எப்படிக் கிடைத்திருக்கின்றன என்று பார்த்தால், படம் எடுத்த ஊரைவிட அது கடைசியாக ஓடிய ஊரே பல தடவை அதைக் காப்பாற்றித் தந்திருப்பது தெரியும். கனடாவின் யூக்கான் பகுதியில் டாசன் சிட்டி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. தங்கச் சுரங்கத்துக்காக எழுந்த அந்த ஊர், படங்களின் விநியோகப் பாதையில் கடைக்கோடியில் இருந்தது. பிற ஊர்களில் ஓடி முடித்து அங்கே வந்து சேர்ந்த பிரதிகளைத் திருப்பி அனுப்பும் செலவை ஏற்க விநியோகஸ்தர்கள் முன்வரவில்லை. தேங்கிப்போன சுருள்களை 1929-இல் பழைய நீச்சல்குளம் ஒன்றை நிரப்பும் மண்ணோடு சேர்த்துப் புதைத்துவிட்டார்கள். 1978-இல் கட்டட வேலைக்காகத் தோண்டியபோது, உறைந்த நிலத்துக்குள்ளிருந்து 533 சுருள்கள் வெளிவந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத படங்களும் அவற்றுள் இருந்தன.

நியூசிலாந்திலும் இதே கதைதான். கப்பல் கட்டணம் கட்டித் திருப்பி அனுப்புவதற்குப் பதில் உள்ளூரிலேயே விடப்பட்ட அமெரிக்கப் படங்களைத் திரையரங்கு ஊழியர்களும் ஆர்வலர்களும் எடுத்து வைத்திருந்தார்கள். அவை அந்நாட்டின் திரைப்படக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. 2010-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 75 படங்கள் அமெரிக்காவுடன் பகிர்ந்துகொள்ளப்பட்டன. ஜான் ஃபோர்டு 1927-இல் இயக்கி, முற்றிலும் தொலைந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஒரு படமும் அவற்றுள் ஒன்று. ஜெர்மனியில் எடுக்கப்பட்ட ‘மெட்ரோபோலிஸ்’ படத்திலிருந்து வெட்டப்பட்டுக் காணாமல் போயிருந்த சுமார் 25 நிமிடக் காட்சிகள், 2008-இல் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் நகரத்துத் திரைப்பட அருங்காட்சியகத்தில் 16 மில்லிமீட்டர் பிரதி ஒன்றிலிருந்து கிடைத்தன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏதேனும் ஒரு வடிவில் எஞ்சியுள்ள அமெரிக்க மௌனக் கதைப்படங்கள் 3,311. அவற்றுள் 886 வெளிநாடுகளில் கிடைத்தவை. பணமும் காப்பகங்களும் குறைவின்றி உள்ள நாட்டுக்கே நான்கில் ஒரு பங்குக்கு மேல் வெளியூரிலிருந்துதான் திரும்பி வந்திருக்கிறது.

இந்தியாவுக்கும் இப்படி ஒரு வரவு உண்டு. கல்கத்தாவின் மதன் நிறுவனம் 1919-இல் எடுத்த ‘பில்வமங்கள்’ படத்தின் ஒரு பகுதி பாரிஸ் நகரிலுள்ள சினிமாதேக் பிரான்சேஸ் காப்பகத்தில் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அதன் டிஜிட்டல் பிரதியைப் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பெற்றுக்கொண்டு, கைம்மாறாக மற்றொரு வங்க மௌனப்படத்தின் பிரதியைப் பாரிசுக்குக் கொடுத்தது. இந்தியாவில் 1,300-க்கும் மேற்பட்ட மௌனப்படங்கள் எடுக்கப்பட்டன என்பார்கள். துண்டு துணுக்குகளையும் சேர்த்துக்கூட அவற்றில் சில பத்துகள்தான் மிஞ்சியிருக்கின்றன. தென்னிந்தியா என்று பார்த்தால் இன்று திரையிட்டுக் காணக் கிடைப்பது ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றே. அதுவும் காப்பகத்தின் முயற்சிக்கு முன்னால் ஒரு வழக்கு காப்பாற்றிய படம். படத்துக்கு மூலமான நாவலின் உரிமையை வைத்திருந்த திருவனந்தபுரம் புத்தக நிறுவனம் தடை பெற்றதால், பிரதி ஊர் ஊராகச் சுற்றித் தேயாமல் அந்த நிறுவனத்திடமே தங்கியது. 1974-இல் அந்தக் காப்பகத்தை உருவாக்கிய பி. கே. நாயர் அதை அங்கிருந்து மீட்டுப் புனேக்குக் கொண்டு சேர்த்தார். வணிகத்துக்கு வெளியே போன பிரதிதான் பிழைக்கிறது என்பதற்கு நம் பக்கத்துச் சான்று அது.

இனி ரங்கூனுக்கு, அதாவது இன்றைய யாங்கூனுக்கு, வருகிறேன். 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்ததால், சென்னைப் படம் ஒன்று ரங்கூனில் ஓடுவது அயல்நாட்டு ஏற்றுமதி ஆகவில்லை. மாகாணம் விட்டு மாகாணம் போவதுதான். 1931 கணக்கெடுப்பின்போது ரங்கூன் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். அவர்களில் துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் உழைத்த தமிழரும் தெலுங்கரும் பல்லாயிரக்கணக்கானோர். மொகல் தெருவில் செட்டியார்கள் தங்கி வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. மதன் நிறுவனம் இந்தியாவெங்கும் நடத்தி வந்த திரையரங்குகளின் சங்கிலி பர்மாவுக்கும் இலங்கைக்கும் நீண்டிருந்தது. ஊமைப்படத்துக்கு மொழித் தடையும் இல்லை; இடையில் வரும் எழுத்து அட்டைகளைப் படித்துச் சொல்ல ஒருவர் இருந்தால் போதும். புராணக் கதையைக் காட்டும் சென்னைப் படத்துக்கு இதைவிட நல்ல சந்தை கடலுக்கு அப்பால் வேறெங்கே இருந்திருக்கும்?

மறுபுறத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டாசன் சிட்டியைக் காத்த குளிர் இங்கே இல்லை. அக்காலத்து ஃபிலிம் நைட்ரேட் செல்லுலோஸால் ஆனது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் முதலில் படம் மங்கும். பிறகு சுருள் பழுப்பேறிப் பிசுபிசுத்து ஒரு சுற்றோடு அடுத்த சுற்று ஒட்டிக்கொள்ளும். மேலே நுரைபோலக் கொப்புளம் கட்டும். இறுதியில் பெட்டியைத் திறந்தால் பழுப்பு நிறப் பொடிதான் இருக்கும். தீப்பற்றினால் தன் எரிவுக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தந்துகொள்வதால் தண்ணீர் ஊற்றியும் அணைக்க முடியாது. புனேயிலேயே 2003 ஜனவரியில் ஏற்பட்ட தீ விபத்தில் நைட்ரேட் சுருள்கள் பெருமளவில் எரிந்துபோயின. ரங்கூனிலோ 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அதற்குப் பின் லட்சக்கணக்கான இந்தியர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நடந்தே வெளியேறினார்கள். மிஞ்சியவர்களின் கடைகளும் தொழில்களும் 1960-களில் அரசுடைமை ஆயின, திரையரங்குகளும் தப்பவில்லை. ஒவ்வொரு கை மாறும்போதும் பழைய சுருள்கள் வெறும் குப்பையாகவோ ஃபிலிமில் உள்ள வெள்ளியை எடுப்பதற்கான கச்சாப் பொருளாகவோ பார்க்கப்பட்டிருக்கும்.

யாங்கூனுக்கு எதிர்க்கரையிலுள்ள சிரியத்தில் என் அத்தை வீட்டில் வட்டமான தகரப் பெட்டி ஒன்று இருந்தது. ஒன்றேகால் சாண் அகலம், மூன்று விரல் உயரம். மூடியின் ஓரத்தில் துரு. உள்ளே நூல்கண்டுகளும் சட்டைப் பித்தான்களும் பழைய ரேஷன் அட்டைகளும் கிடந்தன. மூடியின் மேல் வெள்ளைப் பெயிண்டால் ‘பாகம் 4’ என்று தமிழில் எழுதியிருந்தது. பாதி கிழிந்த கப்பல் சீட்டு ஒன்றும் ஒட்டியிருந்தது. அத்தையின் மாமனார் படக் கொட்டகையில் வாயில் காவலராக வேலை பார்த்தவர்; அங்கே கழித்துக் கட்டிய பெட்டிகளில் ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறார். உள்ளே இருந்த ஃபிலிம் கையில் ஒட்டியதால் அதை ஆற்றங்கரைக் குப்பையில் கொட்டிவிட்டுப் பெட்டியைக் கழுவி வைத்துக்கொண்டதாக அத்தை சொன்னார். அது மௌனப்படமா, பிறகு வந்த பேசும்படமா என்று சொல்ல இனி வழியில்லை. ஆனால் தமிழில் எண்ணிட்ட படப்பெட்டி ஒன்று போன இடத்திலேயே தங்கிவிட்டது என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். நைட்ரேட்டின் குணத்தை அறிந்தவர் ஒருவர் அந்த வீட்டுக்கு உரிய காலத்தில் வந்திருந்தால், ஒட்டிப்போன சுருளிலிருந்தும் சில அடிகளையாவது பிரித்தெடுத்திருப்பார். இதை நினைக்கும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை.

எனவே சுருள்களே கிடைக்கும் என்று நான் ஆசை காட்டவில்லை. கிடைத்தால் பெரும் பேறு. ஆனால் சுருளைத் தேடும் முன் தாளைத் தேட வேண்டும் என்பதை வலியுறுத்துகிறேன். இந்தியத் திரைப்படச் சட்டம் 1918-இல் இயற்றப்பட்டு, 1920-இல் தணிக்கைக் குழுக்கள் அமைந்த நகரங்கள் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் ஆகிய நான்கு. அதாவது, சென்னையில் ஒரு குழு இருந்த அதே நாளில் ரங்கூனிலும் ஒன்று இருந்தது. தணிக்கை என்றால் படத்தின் பெயர், நீளம், கொண்டுவந்தவர் யார் என்ற விவரங்களை எழுதாமல் முடியாது. 1927-இல் அமைந்த இந்தியத் திரைப்பட விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார். அந்தக் குழு ரங்கூனுக்கும் வந்து இங்கிருந்த கொட்டகைக்காரர்களையும் விநியோகஸ்தர்களையும் நேரில் விசாரித்தது. எந்தப் படங்களை மக்கள் விரும்பினர், அவை யாரிடமிருந்து வந்தன, வாடகை எவ்வளவு என்பவையெல்லாம் அந்தச் சாட்சியத் தொகுதிகளில் கேள்வி பதிலாக அச்சாகியிருக்கின்றன. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் கோப்புகளையும், லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களையும் இவற்றோடு ஒப்பிட்டுப் படித்தால், எந்தச் சென்னைப் படம் எந்த ஆண்டில் எந்த வழியாகக் கடல் கடந்தது என்ற வரைபடம் ஒன்றை உருவாக்கிவிடலாம். அது கையில் இல்லாமல் ஊர் ஊராகச் சென்று பழைய கொட்டகைகளைத் தட்டுவது வீண் அலைச்சல்.

வெளிநாட்டுக் காப்பகங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உலகத் திரைப்படக் காப்பகங்களின் கூட்டமைப்பு 1938-இல் தொடங்கப்பட்டது. உறுப்புக் காப்பகங்களில் உள்ள மௌனப்படங்களைக் குறித்த பொதுப் பட்டியல் ஒன்று அதனிடம் இருக்கிறது. அத்தகைய பட்டியல்களில் பெயர் தெரியாத படங்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. தொடக்கமும் முடிவும் சிதைந்து நடுச்சுருள் மட்டும் மிஞ்சிய படத்தை, எழுத்து அட்டைகளை வாசிக்கத் தெரியாத ஒருவர் எப்படி அடையாளம் காண்பார்? அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2012 முதல் சில ஆண்டுகள், அடையாளம் தெரியாத மௌனப்படங்களை ஓர் அரங்கில் ஓட்டி, கூடியிருந்த ஆர்வலர்கள் நடிகரையும் தெருவையும் வண்டியையும் பார்த்துப் பெயர் சொல்லும் கூட்டங்களை நடத்தியது. திரௌபதியையும் கீசகனையும் ஒரே பார்வையில் இனங்காணும் கண்கள் அங்கே இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. எழுத்து அட்டையில் ஒரு வரி தமிழ் தெரிந்தாலும் போதும். படிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவே. நம் பல்கலைக்கழகங்களின் தமிழ்த் துறைகளும் காட்சித் தொடர்பியல் துறைகளும் இரண்டு மூன்று ஆய்வாளர்களை இதற்கென்றே பயிற்றி அனுப்பினால், செலவு ஒரு நடுத்தரப் படத்தின் பாடல் காட்சிக்கு ஆவதைவிடக் குறைவாகவே இருக்கும்.

பர்மியர்கள் இந்தத் துறையில் எங்களுக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். முதல் பர்மியக் கதைப்படம் 1920 அக்டோபர் 13 அன்று இங்கே திரையிடப்பட்டது. ஊன் மாவுங் எடுத்த அப்படம் இன்று இல்லை. இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது எனக் கருதப்படும் பர்மியப் படம் 1934-இல் வந்த ‘ம்யா கா நைங்’ என்ற மௌனப்படம். சிதைந்த நிலையில் இருந்த அதை இத்தாலியின் பொலோனியா நகரத்து ஆய்வுக்கூடத்தில் செப்பனிட்டு, மீண்டும் யாங்கூன் மக்கள் முன் திரையிட்டார்கள். முதல் பர்மியப் பேசும்படம் 1932-இல் பம்பாயில் எடுக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ எடுக்கப்பட்டதும் அதே பம்பாயில்தான். ‘காளிதாஸ்’ படத்துக்கும் பிரதி இல்லை. இரண்டு மொழிகளின் திரைக்கும் பிறந்த வீடு ஒன்றாகவும் இழப்பு ஒன்றாகவும் இருக்கும்போது தேடலும் ஒன்றாக இருப்பதே முறை. ஆகவே, இங்கே சென்னைப் படத்துண்டு எதுவும் கிடைத்தால் அதை அப்படியே எடுத்துச் சென்றுவிடும் எண்ணத்தோடு யாரும் வரக் கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன். பாரிசும் புனேயும் பிரதிக்குப் பிரதி மாற்றிக்கொண்டதைப் போல, தமிழகத்தின் பழைய வீடுகளில் பர்மியப் படங்களின் புகைப்படங்களோ விளம்பரத் தாள்களோ இருந்தால் அவற்றின் நகல்களும் யாங்கூனுக்கு வர வேண்டும்.

நாட்டின் இன்றைய நிலையில் இங்கே பெரிய களப்பணி எதுவும் உடனே நடக்காது என்பதை அறிவேன். போஜோ அவுங் சான் சாலையில் வரிசையாக நின்ற பழைய திரையரங்குகளில் வஸியா போன்ற ஒன்றிரண்டைத் தவிர மற்றவை இடிபட்டுவிட்டன. இருந்தும் காத்திருக்கத் தேவையில்லாத வேலை தமிழகத்திலேயே இருக்கிறது. 1960-களில் கப்பலில் சென்னைக்குத் திரும்பிய பர்மாத் தமிழர் குடும்பங்கள் சென்னையிலும் திருச்சியிலும் மற்ற மாவட்டங்களின் பர்மா காலனிகளிலும் வாழ்கின்றன. நகையையும் பணத்தையும் கொண்டுவர விடவில்லை. ஆனால் தாள்களைப் பலர் கொண்டுவந்திருக்கிறார்கள். திருமணப் பத்திரிகை, கோயில் திருவிழா அறிக்கை, நாடகக் குழுவின் நோட்டீசு, கொட்டகை டிக்கெட்டு, கணக்குப் புத்தகம் என எதுவாகவும் அது இருக்கலாம். செட்டிநாட்டு வீடுகளின் பெட்டகங்களில் ரங்கூன் கிட்டங்கிக் கணக்குகள் இருப்பதை அறிவோம். அவற்றில் படக் கொட்டகைக்குக் கடன் கொடுத்த வரவு செலவு எழுதியிருந்தால்கூட அது இந்தத் தேடலுக்கு ஆதாரம். அந்தக் குடும்பங்களில் ரங்கூன் கொட்டகைகளில் படம் பார்த்தவர்களும் வேலை செய்தவர்களும் எண்பது, தொண்ணூறு வயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியதை இந்த ஆண்டே எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆகையால், உங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் தங்களிடமுள்ள திரைப்பட, நாடகத் தாள்களின் நகல்களையும், கொட்டகை நினைவுகளையும் அனுப்பும்படி ஓர் அறிவிப்பை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வந்து சேர்பவற்றைத் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திடமோ ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத்திடமோ ஒப்படைத்தால் போதும். இங்கிருந்து யாங்கூன், சிரியம், பெகு, மோல்மேன் ஊர்களிலுள்ள தமிழ்க் கோயில் சபைகளின் மூத்தவர்களிடமும் இதே வேண்டுகோளைக் கொண்டு செல்ல என் நண்பர்கள் சிலரும் நானும் அணியமாக இருக்கிறோம். அறிவிப்பில் வட்டத் தகரப் பெட்டியின் படம் ஒன்றையும் சேர்த்து, அப்படியொன்று வீட்டில் இருந்தால் வெயிலில் வைக்கவோ, சுருளை இழுத்துப் பிரிக்கவோ, விளக்கின் அருகில் திறக்கவோ வேண்டாம் என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர் ஒருவர்,
யாங்கூன், மியான்மர்